குப்பைக்கு ஊற்றிய தண்ணீர்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். எங்கள் தெரு முனையில் இருந்த குப்பைத் தொட்டியின் முன்னால் ஒரு பெண் நின்று, நீலப் பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்துக் குப்பையின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு குடம் முடிந்ததும் தள்ளுவண்டியிலிருந்து இன்னொரு குடத்தை எடுத்தார்.

எங்கள் ஊர் சிவகாசியை ஒட்டிய ஒரு பேரூராட்சி. அந்த வருடம் மழை இல்லை. ஆனைக்குட்டம் அணையில் தரை தெரிந்தது. எங்கள் தெருக் குழாயில் ஒன்பது நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். வரும் நாளில் விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் நடக்கிற சண்டைக்குக் காவல் நிலையம் வரை போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் குப்பைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்!

அப்போது நான் பகலில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்ப்பேன். மற்ற நேரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். ரோல் போடும் கேமரா ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்தேன். மூன்று படங்கள்.

அந்த அக்காவை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். எங்கள் பகுதிக்கு வரும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் படம் எடுத்தவுடன் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குடத்தை இடுப்பில் வைத்து நேராக நின்றார்.

"பேப்பர்ல வருமா தம்பி?" என்று கேட்டார்.

"வரும்க்கா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பிலிம் ரோலை உறையில் போட்டு, மதுரை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். செய்தியைப் பேக்ஸில் அனுப்பினேன். வியாழக்கிழமை மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்தில் படத்தோடு வந்தது. 'குடிக்கத் தண்ணீர் இல்லை, குப்பைக்குக் குளியல்!' தலைப்பு நான் வைத்தது. ஆசிரியர் குழு ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

வீட்டில் என் மனைவி அந்தச் செய்தியை நின்றபடியே படித்தாள். முழுவதும் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எதுக்கு ஊத்துறாகன்னு அவுககிட்டக் கேட்டீகளா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? படம்தான் இருக்கே" என்றேன்.

அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முழுவதும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த அக்காவைப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. நான் அதையும் எழுதி அனுப்பினேன். 'செய்தி எதிரொலி' என்று கட்டம் கட்டி வந்தது. எங்கள் தொழிலில் அந்தக் கட்டத்துக்கு ஆசைப்படாத நிருபர் இல்லை.

அடுத்த மூன்று நாள் தொட்டிக்கு யாரும் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு வேறு பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவரை அனுப்பினார்கள். அவருக்கு ஏற்கெனவே நான்கு தெரு. எங்கள் தெரு ஐந்தாவது. தொட்டி நிரம்பி, வெயிலில் காய்ந்து, பாதி குப்பை ரோட்டில் கிடந்தது. அள்ளிப் பிரித்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லாரும் செய்ததையே அவரும் செய்தார். மேலே கிடந்த காகிதத்தில் தீக்குச்சியை உரசி வைத்தார்.

நான் எதிரே டீக்கடையில் இருந்தேன். தெருவின் நடுவிலிருந்து எங்கள் எதிர்வீட்டுப் பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயா! தீய வைக்காதீக! வைக்காதீக!"

"ஏத்தா, குப்பைய எரிக்காமக் கும்பிடவா சொல்ற?" என்றார் பெரியவர், குனிந்தபடியே.

அவர் நிமிர்வதற்குள் 'சர்ர்' என்று ஒரு சத்தம். தொட்டியின் நடுவிலிருந்து வெள்ளைத் தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. பிறகு இன்னொரு இடத்தில். பெரியவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். புருவமும் முன்முடியும் கருகியிருந்தன. வேறு காயம் இல்லை. அந்தத் தொட்டியிலிருந்து பத்தடியில் ஒரு கூரை வீடு. அதில் படுக்கையிலிருந்து எழ முடியாத ஒருவர் இருந்தார்.

அடுத்து நான் பார்த்ததை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். ஏழு வீட்டுக் கதவுகள் திறந்தன. ஏழு பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். ஒன்பது நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டிய குடிதண்ணீர் அது. ஒருத்திகூடத் தயங்கவில்லை. மொத்தமும் தொட்டியில் கொட்டினார்கள். ஐந்தாவதாக வந்தவள் என் மனைவி. எங்கள் வீட்டுச் சிவப்புக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, இன்னொன்றை எடுக்கத் திரும்ப ஓடினாள்.

தீ அடங்கியது. பெரியவர் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏலே, என்னலே இது? குப்பைத் தொட்டியா, பட்டாசுக் குடோனா?" என்று பொதுவாகக் கேட்டார். பெண்கள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள்.

நான் ஒரு குச்சியால் ஈரக் குப்பையைக் கிளறினேன். பச்சைக் கட்டம் போட்ட துணியில் கட்டிய சின்னப் பொட்டணம் ஒன்று பாதி கருகி வந்தது. பிரித்தேன். உள்ளே விரல்கடை நீளத்தில் கறுப்பு நூல் துண்டுகள். எங்கள் பக்கம் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கருந்திரி. வெடிமருந்து தடவிய நூல். பட்டாசுக்குள் தீயைக் கொண்டுபோவது. உரிமம் பெற்ற தொழிற்சாலையில் மட்டுமே அதைக் கையாளலாம். ஆனால் சீசன் நேரத்தில் வெளியூரிலிருந்து ஆள் வந்து, திரியை வீடுகளில் கொடுத்து, அளவாக வெட்டி வாங்கிக்கொண்டு போவது உண்டு. அது சட்டப்படி குற்றம். வெட்டியதில் மிஞ்சும் நுனிகளை வீட்டில் வைக்கவும் முடியாது. வெளியே சொல்லவும் முடியாது. ஆகவே குப்பைத் தொட்டிக்குப் போகும்.

அந்தத் தண்ணீர் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீடு. அவருடைய கணவர் லோடு ஏற்றும் வேலையில் இடுப்பு ஒடிந்து மூன்று வருடமாக வீட்டில் இருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வீட்டில் வேலைக்குப் போனது அவர் ஒருவர்தான். இதெல்லாம் எனக்கு முன்பு தெரியாது.

"வாங்க தம்பி. உக்காருங்க" என்று பாயை விரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "என்ன, நின்னுக்கிட்டேதான் எழுதுவீகளா?" என்றார்.

உட்கார்ந்தேன். எதிரே சுவரில் என் படம் இருந்தது. அதாவது நான் எடுத்த படம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குடத்தை இடுப்பில் வைத்து அவர் நிற்கும் படம். தலைப்பும் இல்லை, செய்தியும் இல்லை. யாரோ கத்தரிக்கோலால் நான்கு பக்கமும் நேராக வெட்டி, படத்தை மட்டும் பசை தடவி ஒட்டியிருந்தார்கள்.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"எம் மக ஒட்டுனது. கல்யாணத்துல எடுத்ததுக்கு அப்புறம் எனக்குன்னு ஒரு போட்டா கிடையாது தம்பி. நல்லா விழுந்திருக்கேன்ல?"

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

"இவுகதான் சொல்லிக்கிட்டே இருக்காக, இப்பத்தான் மூஞ்சியில களை வந்திருக்காம்" என்று கணவரைக் காட்டிச் சிரித்தார். அவரும் படுத்தபடியே சிரித்தார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், காலையில் தொட்டி எரிந்ததை முதலில் சொல்லிவிட்டு, "எதுக்குத் தண்ணி ஊத்துறேன்னு அன்னைக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"நீங்க கேக்கலயே."

அதில் கோபம் துளியும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். அச்சகத்தில் ஆயிரம் பிழை திருத்தியிருக்கிறேன். ஒரு கேள்வி விடுபட்டுப்போனதை நான் திருத்தவில்லை.

"அப்புறம் இன்னொன்னு. குடிதண்ணின்னு எழுதிட்டீக. அது இங்கன இருக்கிற அடிபம்புத் தண்ணி. உப்பு. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, வாந்தி வரும். அதத்தான் தெனமும் ரெண்டு குடம் அடிச்சு வண்டியில வச்சுக் கொண்டாந்தேன்" என்றார்.

ஊற்றியது குடிதண்ணீர் என்றதும் தவறு, அது குப்பைக்குக் குளியல் என்றதும் தவறு.

அவர் முன்பு பட்டாசுத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் இருந்தவர். பக்கத்து அறையில் நடந்த ஒன்றைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து போகவில்லை என்று மட்டும் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமல் இருந்தது சரிதான் என்று நினைக்கிறேன்.

"பொட்டணத்த மொத மொத பிரிச்சுப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி. எவனாச்சும் பீடியப் போட்டாப் போதும். அதான், வந்தவுடனே தண்ணிய ஊத்தி ஊற வச்சிட்டு, மத்த தெருவக் கூட்டிட்டு வந்து கடைசியா அள்ளுவேன். குப்பைக் கிடங்குல கொண்டுபோய்க் குழி தோண்டிப் பொதைச்சிருவேன்."

"யார் போடுறாகன்னு தெரியுமாக்கா?"

"முடிச்சப் பாத்தாச் சொல்லிருவேன்" என்றவர் விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். திரி வெட்டும் பெண்கள் எங்கள் எதிர்வீட்டில் கூடி உட்கார்ந்து வெட்டுவார்களாம். ஒரே வீட்டில் கழிவு சேரக் கூடாது என்று, அவரவர் வெட்டியதில் மிஞ்சியதை அவரவரே கட்டி எடுத்துப் போக வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. "ஒருத்தி ரெட்டை முடிச்சுப் போடுவா. ஒருத்தி பூக்கட்டுற நாருல கட்டுவா. மூணாவது வீட்டுக்காரி சோம்பேறி, கட்டவே மாட்டா, சுருட்டி எறிஞ்சிருவா." ஆறு வீட்டைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"ஏழு பேரு குடத்தோட ஓடி வந்தாகளேக்கா?"

"ஏழாவது யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார்.

"ஆபீஸ்ல சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்காதுல்ல?"

"சொன்னா? போலீசு வரும். பொம்பளைகளக் கூட்டிட்டுப் போவாக. திரியக் குடுத்துட்டுப் போனான் பாருங்க, அவன் வருவானா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் எழுதிராதீக. எனக்கு இந்த வேலை இல்லாட்டி வேற. புள்ளைக்குப் பரீச்சை வருது, அதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவர் சிரித்தது, படத்தை ஒட்டியது, முடிச்சுகளைச் சொன்னது. ஆறு வீடு தெரிந்திருக்கிறது, ஏழாவது மட்டும் அவருக்குத் தெரியவில்லையாம் என்றேன்.

மனைவி எழுந்து போய், அடுப்புக்குக் கீழே இருந்த கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பச்சைக் கட்டம் போட்ட என் பழைய கைலி. ஒரு பக்கம் சதுரம் சதுரமாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

"உங்க கைலியக் கட்டிக்கிட்டு நீங்க வாசல்ல நின்னு பல்லு தேய்ப்பீக. அத நாலு வருசமாப் பாத்தவுகளுக்கு இது யார் வீட்டுத் துணின்னு தெரியாதா?" என்றாள். "நாந்தான் ஏழாவது. மத்தியானம் நீங்க பிரஸ்ல இருக்கப்ப ரெண்டு மணி நேரம். மூணு மாசமா. அவுகளுக்கு வேலை போனதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. உங்ககிட்டச் சொல்லவும் பயம்."

ஊரில் எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தக் கவுன்சிலர் யாரோடு பேசுவதில்லை என்று தெரியும். என் வீட்டு அடுப்புக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியவில்லை. எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்தக் கூடைக்குப் பக்கத்தில்தான் விளையாடுவாள். மனைவியைத் திட்ட வாயெடுத்தேன். தொட்டியில் தினமும் எங்கள் பொட்டணத்தை நனைத்தவரை வேலையிலிருந்து எடுக்க வைத்தவன் நான் என்பது நினைவுக்கு வந்தது. திட்டவில்லை.

மறுநாள் காலை மதுரைக்குப் போன் செய்து திருத்தம் போட வேண்டும் என்றேன். "மாவட்டப் பக்கத்துக்கெல்லாம் திருத்தம் போடுவதில்லை" என்றார் பொறுப்பில் இருந்தவர். மூன்று முறை பேசினேன். நான்காவது முறை, செய்தியில் இருந்த தவறு என்னுடையது என்று எழுதியே அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை நான்கு வரி வந்தது. படம் இல்லை. ஊற்றியது குடிநீர் அல்ல, உப்புத் தண்ணீர். குப்பையில் தீப்பிடிக்காமல் இருக்க அந்தப் பணியாளர் தம் சொந்த முயற்சியில் ஊற்றியது. தவறான செய்திக்கு வருந்துகிறோம். பட்டாசு விளம்பரம் ஒன்றுக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில்.

அந்த நான்கு வரியை வெட்டிக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்பே ஏழு பெண்களும் அங்கே நின்றார்கள். என் மனைவிதான் கூட்டி வந்திருந்தாள். செயல் அலுவலரிடம் மனு கொடுத்தார்கள்: 'எங்கள் தெருவுக்குப் பழைய அக்காவையே போட வேண்டும்.' காரணம் எதுவும் எழுதவில்லை.

"ஏம்மா, புதுசா வந்தவருக்கு என்ன குறை?" என்று கேட்டார் அலுவலர்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கட்டாமல் சுருட்டி எறிபவள் என்று அக்கா சொன்ன மூன்றாவது வீட்டுக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"அவரு தீ வைக்காரு சார். அவுக தண்ணி ஊத்துவாக."

அலுவலர் மனுவைப் படித்தார். என் நான்கு வரியைப் படித்தார். அங்கே நின்றிருந்த புருவம் கருகிய பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே பெரிய உதவி. அலுவலர் ஏழு பெண்களின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். அந்தம்மாவையே போடச் சொல்றேன். ஆனா இந்த ஊர்ல இனிமே எந்தத் தெருவுலயும் குப்பைய எரிக்கக் கூடாது. எழுத்துலயே போட்டுத் தர்றேன்" என்றார்.

பணியிலிருந்து நிறுத்திய பதினோராவது நாள் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார். நேராகத் தொட்டிக்குப் போகவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்று ஏழு பேரையும் கூப்பிட்டார்.

"இந்தா பாருங்கத்தா. வீட்டுல வெட்டாதீகன்னு சொல்வேன், கேக்கிறவுக கேளுங்க. பக்கத்து ரூம்ல நான் பாத்தத நீங்க பாத்தா விரலக்கூட அதுல வைக்க மாட்டீக. நிறுத்துற வரைக்கும் பொட்டணம் இனிமே தொட்டிக்கு வரக் கூடாது. தொட்டிக்குப் பக்கத்துல தண்ணி டிரம்மு ஒண்ணு வைப்பேன். மூடி போட்டு. அதுக்குள்ள போடணும். தண்ணி நீங்கதான் நெரப்பணும், நான் ஒருத்தி எம்புட்டு பம்பு அடிப்பேன்?"

"சரிக்கா" என்றார்கள். என்னைப் பார்த்து, "தம்பி, இதையும் போட்டா எடுக்கப் போறீகளா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அவள் அந்த வாரமே திரி வெட்டுவதை நிறுத்தினாள். தீபாவளிக்குள் இன்னும் நான்கு வீடு நிறுத்தியது. இரண்டு வீடு நிறுத்தவில்லை. நான் அதை எழுதவில்லை. எழுதாதது சரியா என்ற கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. திரியைக் கொண்டுவந்து கொடுத்தவனைப் பற்றி மட்டும் காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னேன். அவன் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தச் செய்தியிலும், படத்தில் இருப்பவரிடம் ஏன் என்று கேட்காமல் ஒரு வரிகூட அனுப்பியதில்லை.

டிரம் வைத்தார்கள். அதை நிரப்ப, வெட்டுவதை நிறுத்திய வீடுகளையும் சேர்த்து, ஏழு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை பிரித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை. அடிபம்பிலிருந்து ஒன்பது நடை நடந்தால் டிரம் நிறையும்.